ஓடைத் தாவல்

ஜனவரி 6, திங்கள்

நேற்று கறுப்புப் பாதையில் பதினோரு பேர் இறங்கியிருக்கிறார்கள். அதில் ஒருவர் ஆதர்ஷ். யாரும் சொல்லவில்லை. தடத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

என் வேலை இதுதான். மலையில் சைக்கிள் ஓட்டுகிற இந்த பார்க் திறப்பதற்கு முன் காலை ஆறரைக்கு மலை உச்சியிலிருந்து பாதையில் நடந்து இறங்குவேன். பைன் ஊசிகளை வாரி ஒதுக்கி, உருண்டு வந்த கற்களைப் பொறுக்கி, சக்கரம் பறித்த பள்ளங்களில் மண் போட்டு மிதிப்பேன். பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நான்கு பாதைகள். பச்சையில் குழந்தைகள்கூடப் போவார்கள். கறுப்பு காட்டுக்குள் நெட்டுக்குத்தாக இறங்கும். வேரும் பாறையும் தாவலும் நிறைய இருப்பது அதில்தான். இரண்டு வருடமாக வாருவதால் ஒவ்வொருவர் தடமும் எனக்குத் தெரியும்.

ஆதர்ஷ் இங்கே தலைமைப் பயிற்சியாளர். கோயம்புத்தூர்க்காரர், பார்க்கை நடத்தும் மேடத்தின் அக்கா மகன். எந்தத் தாவல் வந்தாலும் அதற்கு மூன்று சைக்கிள் நீளம் முன்பே பின் பிரேக்கைப் பிடித்துவிடுவார். மண்ணில் சாரைப்பாம்பு போன மாதிரி ஒரு கோடு விழும். அவர் போடும் வீடியோக்களில் அது தெரியாது.

அந்தக் கோட்டை எட்டு மாதமாக நான்தான் மூடுகிறேன். இன்று மூடும்போது தேவைக்கு மேலேயே மிதித்தேன்.

ஜனவரி 8, புதன்

அண்ணன் இன்று வாசல் வரை குச்சி இல்லாமல் நடந்தான். பதினாலு எட்டு. பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்விட்டதால் நான் மட்டும்தான் பார்த்தேன்.

"என்ன பார்க்கற? போய் வேலையப் பாரு," என்றான்.

அண்ணன் பெயர் கஜேந்திரன். கறுப்புப் பாதையில் பாதி அவன் கட்டியது. எங்கள் குழுவில் விதி ஒன்றே ஒன்றுதான். மண்ணை யார் தொட்டார்களோ அவர்தான் முதலில் இறங்க வேண்டும். புதிதாகக் கட்டினாலும் ஒரு கூடை மண் போட்டாலும் அரை அடி சீவினாலும் தொட்டவர் இறங்கிக் காட்டிய பிறகுதான் அடுத்தவர் சக்கரம் அதில் போகும். மேஸ்திரி போஜன் அண்ணன் கொண்டுவந்த விதி இது. அவர் பக்கத்துப் படுகர் ஹட்டிக்காரர், பார்க் தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறார்.

கறுப்புப் பாதையின் கடைசியில் ஓடைக்கு மேல் ஒரு தாவல் இருந்தது. இந்தக் கரையில் மண் ஏற்றம், எதிர்க்கரையில் இறக்கம், நடுவில் சைக்கிளோடு பறக்க வேண்டும். அண்ணன் கட்டி, அண்ணனே நூறு முறைக்கு மேல் தாண்டியது. போன மே மாதம் ஒரு காலை வழக்கமான வேகத்தில் வந்தான். ஒரு முழம் குறைந்து, எதிர்க்கரை விளிம்பில் மோதி ஓடைக்குள் விழுந்தான். இடுப்பு உடைந்தது. முந்தின நாள் மாலை யாரோ ஏற்றத்தின் நுனியை அரை அடி சீவிவிட்டிருந்தார்கள்.

யாரோ என்று எழுதியிருக்கிறேன். ஆதர்ஷ். முந்தின மாலை வீடியோ எடுத்தது அவர்தான். எங்கள் மண்வெட்டி வெட்டினால் குழிவாக விழும். அது கேக் வெட்டின மாதிரி நேராக இருந்தது. கேண்டீன் தோட்டத்துத் தட்டை ஷவலால் வெட்டியது. அண்ணனைத் தூக்கிப் போனதும் அந்த வெட்டை நான் பார்த்தேன். மத்தியானம் பெய்த மழையில் அந்தத் தடம் கரைந்துவிட்டது.

அறிக்கையில் "முந்தின இரவு மது அருந்தியிருந்ததால்" என்று எழுதியிருக்கிறது. அதற்குப் பிறகு குன்னூரிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ எந்தக் குழுவும் அண்ணனைக் கூப்பிடவில்லை. உட்கார்ந்து யோசனை சொல்லக்கூடக் கூப்பிடவில்லை.

ஜனவரி 11, சனி

மேடம் எல்லோரையும் கேண்டீனுக்கு வரச் சொன்னார். பிப்ரவரி ஒன்பதாம் தேதி போட்டி. ஓடைத் தாவலைத் திரும்பக் கட்ட வேண்டும், முன்னைவிடப் பெரிதாக வேண்டும் என்றார்.

"கட்டறது கட்டிரலாம் மேடம். இறங்கறது யாரு?" என்றார் போஜன் அண்ணன். "எனக்கு முட்டி போச்சு. லாரன்ஸ் பச்சைப் பாதையிலயே பிரேக்கைக் கட்டிப்பிடிச்சுட்டு வர்ற ஆளு."

"ஏண்ணா மானத்தை வாங்கறீங்க," என்றார் லாரன்ஸ். எங்கள் குழுவில் அவரும் ஒருவர்.

"ஆளுங்க கட்டட்டும். நான் முதல்ல இறங்கறேன்," என்றார் ஆதர்ஷ்.

"தொட்டவங்கதான் இறங்கணும் தம்பி. நீங்க மம்பட்டி பிடிப்பீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்போது நான் "நான் கட்டறேன்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த லாரன்ஸ் அண்ணன்தான், "பாப்பா என்னமோ சொல்லுது," என்றார்.

ஆதர்ஷ் திரும்பினார். "அட, மியூட்டு பேசுது. வால்யூமைக் கொஞ்சம் கூட்டும்மா."

எனக்குப் பெயர் நிரோஷா. அவர் வைத்தது மியூட்டு. பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். வகுப்பே சிரிக்கும். அரையாண்டுக்குப் பிறகு போகவில்லை. இன்றும் அடைத்தது. அதனால் போஜன் அண்ணனைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினேன்.

"தினம் காலைல கஜா சைக்கிள்ல கறுப்புல இறங்குது மேடம் இந்தப் பொண்ணு. நீங்க எந்திரிக்கறதுக்கு முன்னாடி," என்றார் அவர். "நான் பார்த்திருக்கேன். இது கட்டும். இறங்கவும் இறங்கும்."

அவர் பார்த்திருப்பார் என்று எனக்குத் தெரியாது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வேலை இல்லை. ஓடைக்குப் போய்க் கயிறு பிடித்து அளந்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 17, வெள்ளி

பனிக்காலத்து மண் பொலபொலவென்று இருக்கிறது. தண்ணீர் தெளித்தால்தான் இறுகும். லாரன்ஸ் அண்ணன் கேனில் தண்ணீர் சுமந்தார். நான் மண்வெட்டியின் முதுகால் அடித்தேன்.

முன்பு ஓடைக்கு நேராக வருகிற பாதை. எவ்வளவு பிரேக் பிடித்தாலும் அப்புறம் நாலு மிதி மிதித்து வேகத்தை எடுத்துவிடலாம். நான் தாவலுக்கு முன்னால் ஒரு வளைவு வைத்திருக்கிறேன். வளைவு முடிந்ததும் ஏற்றம், மிதிக்க இடமில்லை. வளைவில் வருகிற வேகத்தை அப்படியே விட்டால் பதினாறு அடியைச் சுகமாகத் தாண்டலாம். மூன்று சைக்கிள் நீளம் முன்னால் பின் பிரேக்கைத் தொட்டால் இரண்டடி குறையும்.

இதில் தப்பு ஒன்றுமில்லை. கறுப்புப் பாதை என்றால் அப்படித்தான் இருக்கும். போஜன் அண்ணனும் பார்த்துவிட்டு, "நல்ல வளைவு," என்றார்.

வளைவில் எந்த இடத்தில் அந்தக் கோடு விழும் என்று இப்போதே காலால் தொட்டுக் காட்ட முடியும்.

ஜனவரி 21, செவ்வாய்

இன்று எதிர்க்கரையில் இறக்கத்தைக் கட்டினேன். இறக்கத்தின் விளிம்பில் ஓடையிலிருந்து மூன்று கற்களை எடுத்து வைத்து மேலே நாலு விரல் மண் போட்டு அடித்தேன். விளிம்பு சரியாமல் இருப்பதற்காக.

வழக்கமாக அதற்குச் சீகை மரக் கட்டை வைப்போம். மோதினால் கட்டை கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். கல் கொடுக்காது.

லாரன்ஸ் அண்ணன் அப்போது சாப்பிடப் போயிருந்தார்.

ஜனவரி 24, வெள்ளி

ஆதர்ஷ் வேலையைப் பார்க்க வந்தார். கூடப் பெங்களூரிலிருந்து வந்த இரண்டு பேர். ஏற்றத்தின் மேல் ஷூவோடு ஏறி நின்று, "ஓகே, ஓகே," என்றார். பிறகு என்னிடம், "மியூட்டு, உங்கண்ணன் மாதிரி சரக்கடிச்சுட்டுக் கட்டலையே?" என்றார். அந்த இரண்டு பேருக்கும் அதை ஆங்கிலத்தில் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள்.

போஜன் அண்ணன் அங்கே இல்லை. நான் குனிந்து மண்ணை அடித்துக்கொண்டிருந்தேன். ஆதர்ஷ் சொன்னதற்கு என்னிடம் பதில் இருந்தது. மூன்று சொல்தான். அன்னைக்குச் சீவினது நீங்கதான். வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது.

அவர்கள் போன பிறகு இறக்கத்தில் ஏறி, அந்த மூன்று கற்கள் இருக்கிற இடத்தில் குதித்துக் குதித்துப் பார்த்தேன். அசையவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

அண்ணன் பார்க்க வந்தான். மே மாதத்துக்குப் பிறகு முதல் முறை. லாரன்ஸ் அண்ணன் ஜீப்பில் கொண்டுவந்து விட்டுவிட்டு டயர் மாற்றப் போனார். அண்ணன் ஓடைக்கரையில் வெகுநேரம் நின்றான். நான் அவனைப் பார்க்காமல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன்.

குச்சியால் இறக்கத்தை ஒவ்வொரு இடமாகத் தட்டிக்கொண்டே வந்தான். விளிம்பில் சத்தம் மாறியது.

"கல்லு வச்சிருக்கியா?"

கேனைக் கீழே வைத்தேன்.

"அவனுக்கா?"

தலையை ஆட்டினேன். திட்டுவான் என்று நினைத்தேன். அவன் வளைவைப் பார்த்தான், ஏற்றத்தைப் பார்த்தான், பிறகு ஓடையைப் பார்த்தான். உதடு அசைந்தது, கணக்குப் போடும்போது அப்படி அசையும்.

"பின் பிரேக்குதானே இன்னும் பிடிக்கிறான்?"

"ஆமா."

"அப்ப இங்க வச்சுப் பிரயோசனம் இல்ல. ஒரு சாண் கீழ வை. முன் சக்கரம் அங்கதான் இடிக்கும்."

ஜீப் சத்தம் கேட்டது. அவன் மேலே போய்விட்டான்.

கற்களை ஒரு சாண் கீழே மாற்றி வைத்தேன்.

பிப்ரவரி 1, சனி

இரவு காட்டெருமைகள் இறக்கத்தின் மேல் நடந்திருக்கின்றன. ஒன்பது குளம்புப் பள்ளம். காலை முழுவதும் அதற்கே போனது.

காலையில் பாதையில் இறங்கும்போது நன்றாகத்தான் இருந்தது. கறுப்பின் முதல் பகுதியில் வேர்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். பனியில் நனைந்த வேரில் பிரேக் பிடித்தால் சக்கரம் பக்கவாட்டில் ஓடிவிடும். பிடிக்காமல் விட்டால் சைக்கிள் தானே குதித்துக் குதித்துப் போய்விடும். கால் மிதியில் இருக்க வேண்டும், உடம்பு பின்னால் இருக்க வேண்டும், பார்வை மட்டும் பத்தடி முன்னால் போக வேண்டும். அந்த நேரத்தில் மனதில் வேறு எதுவும் நிற்காது. இன்று நின்றது.

அண்ணன் விழுந்த அன்று மேடம் அறிக்கை எழுதுவதற்கு முன் வீட்டுக்கு வந்து ஒருவரிடம் கேட்டார். "ராத்திரி கஜா குடிச்சிருந்தாரான்னு கேட்கிறேன், சும்மா ஆமா இல்லன்னு சொன்னா போதும்." பக்கத்தில் ஆதர்ஷ் நின்றுகொண்டிருந்தார். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். வீட்டில் இருந்தவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். மேடம் கொஞ்ச நேரம் காத்திருந்து, "சரி, புரியுது," என்று போய்விட்டார்.

வீட்டில் அன்று வேறு யாரும் இல்லை. நான் மட்டும்தான்.

அண்ணன் முந்தின இரவு ஏழு மணிக்கே தூங்கிவிட்டான். குடிக்கிற பழக்கமே அவனுக்குக் கிடையாது.

பிப்ரவரி 5, புதன்

தண்ணீர் முப்பத்தெட்டு கேன். தோள் வலிக்கிறது.

பிப்ரவரி 7, வெள்ளி

முடிந்தது. போஜன் அண்ணன் சுற்றி வந்து பார்த்தார். விளிம்பில் தட்டிப் பார்க்கவில்லை. என்னை நம்புகிறார்.

நாளை பதினோரு மணிக்கு நான் இறங்கிக் காட்ட வேண்டும். மேஸ்திரி கண்ணால் பார்த்தால்தான் அது முதல் இறக்கம் என்று கணக்கு. அதனால் இதுவரை நான் ஒரு முறைகூடத் தாண்டிப் பார்க்கவில்லை. நாளை எல்லோரும் இருப்பார்கள். வளைவில் என் கை பிரேக்குக்குப் போனால் அந்தக் கல்லில் விழப்போவது நான்தான். அப்படி விழுந்தாலும் அது அவருக்காக வைத்தது என்று யாருக்கும் தெரியாது.

அம்மா எண்ணெய் தேய்த்துவிட்டாள். "எதுக்குடி இப்படி இரும்பு மாதிரி இருக்க?" என்றாள்.

பிப்ரவரி 8, சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஓடைக்கரையில் முப்பது, நாற்பது பேர் இருந்தார்கள். போட்டிக்கு வந்தவர்களும் அவர்கள் வீட்டாரும். மேடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆதர்ஷ் முழங்கால் கவசம், மார்புக் கவசம் எல்லாம் போட்டுத் தயாராக நின்றார். எனக்குப் பிறகு அவர் இறங்கி வீடியோ எடுப்பதாக ஏற்பாடு.

நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே போனேன். உச்சியில் யாரும் இல்லை. காற்று இல்லை. ஹெல்மெட்டைப் போட்டதும் என் மூச்சு எனக்கே கேட்டது. காலை எடுத்தேன்.

வேர்கள். அதற்குப் பிறகு இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவில் ஒரு சந்து, கைப்பிடி உரசாமல் போக இரண்டு பக்கமும் நான்கு விரல்தான் இடம். பிறகு படிக்கட்டு மாதிரி பாறை, ஒவ்வொன்றிலும் முன் சக்கரம் கீழே விழும்போது வயிறும் கூடவே விழும். சீகை மரங்கள் இரண்டு பக்கமும் கோடாகிவிட்டன. வளைவு வந்தது. நான் கட்டிய வளைவு. உள்பக்கம் சாய்ந்தேன். சரியாக மூன்று சைக்கிள் நீளம் இருக்கும்போது என் விரல் பிரேக்கின் மேல் போனது. போனதை நான் பார்த்தேன். அங்கே ஓடை தெரியும், எதிர்க்கரை தெரியும், வேகம் அதிகம் என்று உடம்பு சொல்லும். ஆதர்ஷ் ஏன் பிடிக்கிறார் என்று அந்த இடத்தில் எனக்குப் புரிந்தது. பயம்தான். விரலை எடுத்துவிட்டேன்.

மேலே போனபோது சத்தமே இல்லை. இறக்கத்தின் நடுவில் இரண்டு சக்கரமும் ஒன்றாக உட்கார்ந்தன. கற்களுக்கு ஐந்தடி தாண்டி.

கை தட்டினார்கள். லாரன்ஸ் அண்ணன் விசில் அடித்தார்.

ஆதர்ஷ் ஏற்றத்தின் மேல் போய் நின்று ஓடையைப் பார்த்தார். திரும்ப வளைவு வரை நடந்து போய்ப் பார்த்தார். வந்து, "ரொம்ப செங்குத்தா இருக்கு. வெயிட் இல்லாத பொண்ணு, அதான் பறந்துட்டா," என்றார். "நுனில ஒரு அரை அடி சீவிருங்க. போன தடவையும் சீவினப்புறம்தான் கும்முனு வந்துச்சு."

சாதாரணமாகத்தான் சொன்னார். அவருக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே தெரியவில்லை. எங்கள் குழுவில் இருக்கிற ஒருவர் தூக்கத்தில்கூட அப்படிச் சொல்லமாட்டார்.

போஜன் அண்ணன் பீடியைக் கீழே போட்டார். "போன தடவை யாரு சீவினது?"

"நான்தான். வீடியோவுக்கு. லைட்டா."

"என்னைக்கு?"

ஆதர்ஷ் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வீடியோ எடுத்த மறுநாள் காலைலதானே தம்பி கஜா விழுந்தான்?"

"அண்ணா, அது வேற. அவன் குடிச்சிருந்தான். பேப்பர்லயே இருக்கு. சித்திகிட்டயே கேளுங்க."

மேடம் எழுந்து நின்றார். அவர் ஆதர்ஷைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "நிரோஷா, அன்னைக்கு நான் உன்கிட்டதானே கேட்டேன்? நீ ஒண்ணுமே சொல்லலையே."

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. உள்ளே என் குரல் எனக்குப் பெரிதாகக் கேட்டது.

"குடிக்கல," என்றேன். "அண்ணன் குடிக்கவே மாட்டான். நான்தான் சொல்லல. சீவியிருந்ததையும் பார்த்தேன். அதையும் சொல்லல."

"இத்தனை நாள் விட்டுட்டு இப்ப வந்து கதை சொல்றா," என்றார் ஆதர்ஷ். முகம் சிவந்துவிட்டது. "பேசினது போதும். சீவ வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இப்படியே இறங்கிக் காட்டறேன். யாருக்கு ஓட்டத் தெரியும், யாருக்குக் கட்டத் தெரியும்னு பார்த்துக்கலாம்." சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மேலே போனார். யாரும் தடுக்கவில்லை.

மேலே போய்ச்சேரப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் நான் ஓடைக்கரையில் நின்றேன். நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. அவர் வாயாலேயே சொல்லிவிட்டார், இப்போது அந்தக் கல்லுக்கும் வந்துகொண்டிருக்கிறார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் எழுத விரும்பவில்லை. அவருடைய இடுப்பு எப்படிச் சத்தம் போடும் என்றுகூட நினைத்தேன். அண்ணனுடையதைக் கேட்டிருக்கிறேன்.

உச்சியிலிருந்து விசில் வந்தது. புறப்பட்டுவிட்டார் என்று அர்த்தம்.

அப்போதுதான் மேடத்தைப் பார்த்தேன். பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தில் கவலை. அக்கா மகன் அல்லவா. அவர் விழுந்தால் எல்லோரும் ஓடுவார்கள், ஜீப் வரும், கோயம்புத்தூருக்குப் போவார்கள். ஆதர்ஷ் விழுந்த தாவல் என்றுதான் இதற்குப் பெயர் வரும். பாவம் ஆதர்ஷ் என்பார்கள். அண்ணனை யார் நினைப்பார்கள்? சற்று முன் நான் சொன்ன நாலு வார்த்தையும் அந்த ஓடையோடு போய்விடும்.

ஏற்றத்தின் மேல் ஓடினேன். நுனியில் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காக வைத்தேன். பாதை மூடியிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். போஜன் அண்ணன், "பாப்பா, தள்ளு," என்று கத்தினார்.

வளைவில் ஆதர்ஷ் தெரிந்தார். நான் வழக்கமாகக் கோட்டை மூடுகிற அதே இடத்தில் பின் சக்கரம் கிறீச்சிட்டது. முன் பிரேக்கையும் பிடித்து, சறுக்கிக்கொண்டு வந்து, என் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றார். பிரேக் பிடிக்காத ஆளாக இருந்திருந்தால் என்னையும் கொண்டுபோயிருப்பார்.

"பைத்தியமாடி உனக்கு?"

"கீழ கல்லு இருக்கு," என்றேன். "விளிம்புல. நான்தான் வச்சேன். உங்களுக்காக."

ஆதர்ஷ் சைக்கிளிலிருந்து இறங்கினார். போஜன் அண்ணன் கம்பியால் குத்தி மூன்று கற்களையும் எடுத்து வரிசையாக வெளியே வைத்தார். மூன்றாவதை வைக்கும்போது என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை இங்கே எழுத முடியாது.

சாயங்காலம் நான்கு மணி வரை சீகைக் கட்டை வைத்து விளிம்பைத் திரும்பக் கட்டினோம். மண்ணைத் தொட்டதால் நானே மறுபடி இறங்கினேன். இந்த முறை கை தட்டவில்லை. பிறகு மேடம் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். பழைய அறிக்கையை எடுத்து அந்த வரியை அடித்து, நடந்ததை எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஒரு நகலை என் கையில் கொடுத்தார். ஆதர்ஷை நாளைக்கே கிளம்பச் சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

"உன்னையும் வச்சுக்க முடியாதும்மா. புரியுதா?"

புரிகிறது என்று சொன்னேன். வாயால் சொன்னேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நேற்று வந்தபோது அண்ணன் மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டிருந்தான். காலையில் நான் டீ கொடுக்கும்போது அவன் முதலில் கேட்டது, "விழுந்தானா?"

"இல்ல."

"பிரேக் பிடிக்கலையா?"

"பிடிச்சாரு. நான் நிறுத்திட்டேன். கல்லை எடுத்துட்டோம்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். நான் நகலைக் கொடுத்தேன். இரண்டு முறை வாசித்தான். அடித்திருந்த வரியின் மேல் விரலை வைத்துப் பார்த்தான். எதிர் மலையிலிருந்து போட்டியின் ஒலிபெருக்கி கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொருவர் பெயரையும் நேரத்தையும் சொன்னார்கள்.

"இத்தனை நாள் நம்பாத மேடம் நேத்து எப்படி நம்பிச்சு?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆதர்ஷ் தானாக உளறிவிட்டார் என்று சொன்னால் போதும், அதுவும் உண்மைதான். ஆனால் நாற்பது பேருக்குத் தெரிந்துவிட்டது. லாரன்ஸ் அண்ணன் வாயிலிருந்து அவனுக்கு அது வரக்கூடாது.

"அன்னைக்கு மேடம் வீட்டுக்கு வந்து கேட்டாங்க. ராத்திரி நீ குடிச்சிருந்தியான்னு. வீட்டுல நான்தான் இருந்தேன். ஒண்ணும் சொல்லாம நின்னுட்டேன். அதனாலதான் அப்படி எழுதினாங்க."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு அந்தத் தாளைப் பார்த்தான்.

"எட்டு மாசம்," என்றான்.

தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தான்.

பிப்ரவரி 12, புதன்

குன்னூரிலிருந்து அண்ணனுக்கு போன் வந்தது. புதுப் பாதை போடுகிறார்களாம், உட்கார்ந்து மேற்பார்வை பார்க்க வரமுடியுமா என்று கேட்டார்கள். போஜன் அண்ணன் சொல்லியிருக்கிறார். அண்ணன் அம்மாவிடம் சொன்னான். நானும் அங்கேதான் இருந்தேன்.

நான்கு நாளாக என்னிடம் பேசவில்லை. "அம்மா, அவகிட்ட உப்பை எடுத்து வைக்கச் சொல்லு" என்கிறான். நான் உப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவும், "உப்பை எடுத்து வைடி," என்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேனே என்று தலையில் அடித்துக்கொள்கிறாள்.

ஆதர்ஷ் மேல் இருக்கிற கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. ராத்திரி கண்ணை மூடினால் அவர் அந்த வளைவில் வருகிறார், நான் நுனியில் இல்லை, அவர் போகிறார். இதை இங்கே மட்டும் எழுதுகிறேன். அண்ணனுக்கும் அந்தக் கனவு வருமாக இருக்கும். அதில் இப்போது வளைவில் வருவது ஆதர்ஷா, நானா என்று தெரியவில்லை.

இன்று காலை அம்மா வேலைக்குப் போன பிறகு அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் துணி அலச வெளியே போனேன். அண்ணன் அடுப்புக்கு எதிரே கட்டிலில் இருந்தான். அவனால் சட்டென்று எழ முடியாது. கூப்பிட்டால் போதும். "நிரோ, பால்" என்று இரண்டு சொல். குழாய் வாசலுக்கு நேரேதான் இருக்கிறது, மெதுவாகச் சொன்னாலே கேட்கும்.

கருகின வாசனை வந்த பிறகுதான் உள்ளே ஓடினேன். பால் முழுவதும் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டிருந்தது. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொங்கும்போது முழுக்கப் பார்த்திருக்கிறான்.

பாத்திரத்தை அவன் முன்னாலேயே உட்கார்ந்து தேய்த்தேன். வெகுநேரம் ஆயிற்று.

நாளைக்கும் பால் வைப்பேன். வைத்துவிட்டு வெளியே போய், அவன் கூப்பிடுகிறானா என்று நிற்பேன்.